போர்டு கேம் உருவாக்குகிறீர்களா? அச்சுக்குப் போகும் முன் முடிக்க வேண்டிய உரிமை வேலைகள்

சொந்தமாக ஒரு போர்டு கேமோ கார்டு கேமோ செய்து விற்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது "என் ஐடியாவை யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?" என்றுதான். எனக்கும் அதுதான் பயம். ஒரு கார்டு கேமை வரைந்து, சிவகாசியில் அச்சடித்து, கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வக்கீல் அலுவலகத்துக்கும் அரசு இணையதளங்களுக்கும் அலைந்து தெரிந்துகொண்டது ஒன்றுதான்: நாம் ஒளித்து ஒளித்து வைக்கும் விளையாட்டு விதியைச் சட்டம் காப்பதில்லை, சட்டம் காக்கும் பெயரையும் ஓவியத்தையும் நாம்தான் திறந்து போட்டுவிடுகிறோம். இந்த வரிசையில் செய்திருந்தால் பாதி அலைச்சல் இருந்திருக்காது என்று தோன்றுவதை அப்படியே எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டப்படி. தனி ஆளாகவோ இரண்டு மூன்று நண்பர்களாகவோ சேர்ந்து கேம் செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கட்டணங்களை எல்லாம் பணம் கட்டும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எது உங்களுடையது, எது பொதுவானது என்று பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் கேமை உருப்படி உருப்படியாகப் பிரியுங்கள். பெயர், லோகோ, பெட்டி அட்டை, போர்டின் ஓவியம், கார்டு ஓவியங்கள், கார்டில் உள்ள வாசகங்கள், விதிப் புத்தகம், காய்களின் வடிவம், கதைமாந்தர்கள், விளையாடும் முறை. மொபைல் ஆப் இருந்தால் அதன் நிரலும் (கோட்) இசையும். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு வேறு.

பெயருக்கும் லோகோவுக்கும் ட்ரேட்மார்க். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் இசைக்கும் கோடுக்கும் காப்பிரைட். காய், டைஸ், டிரே போன்றவற்றின் தோற்றத்துக்கு டிசைன் பதிவு. விளையாடும் முறைக்கு ஒன்றும் கிடையாது. இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவு, விளையாட்டு ஆடும் முறையைப் பேட்டன்ட் எடுக்கக்கூடியவற்றிலிருந்து நேரடியாக விலக்கிவிடுகிறது. "கேமுக்குப் பேட்டன்ட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், எந்தப் பகுதிக்கு என்று திருப்பிக் கேளுங்கள். போர்டுக்குள் புதிதாக ஒரு மின்னணுக் கருவியோ இயங்கும் அமைப்போ இருந்தால் அதற்கு முயற்சி செய்யலாம். தாயக்கட்டை உருட்டி, கார்டு எடுத்து, புள்ளி சேர்க்கும் கேமுக்கு அந்தச் செலவு வீண்.

ஐடியாவுக்குக் காப்பிரைட் இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கிலேயே சொல்லிவிட்டது. உங்கள் விதிப் புத்தகத்தை வரிக்கு வரி எடுத்துப் போட்டால் அது மீறல், அதே விதியை ஒருவர் தன் நடையில் எழுதி, தன் ஓவியம் போட்டு விற்றால் அவரைத் தடுப்பது மிகக் கடினம். அமெரிக்காவிலும் இதே கதைதான். 'பேங்' என்ற கார்டு கேமின் விதிகளை எடுத்துச் சீன வரலாற்றுப் பின்னணியில் இன்னொரு நிறுவனம் கேம் செய்தபோது, 2016-ல் டெக்சாஸ் நீதிமன்றம் அதைக் காப்பிரைட் மீறல் இல்லை என்றது.

இதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். ஒரே மாதிரி விதியில் பத்து கேம் கடையில் இருந்தாலும் வாங்குபவர் பெயரையும் பெட்டியையும் பார்த்துத்தான் எடுக்கிறார். அந்த இரண்டும் உங்கள் கையில் உறுதியாக இருக்கிறதா என்பதுதான் இனி வரும் வேலை.

2. அடுத்தவர் உரிமையில் கால் வைக்கிறீர்களா என்று பாருங்கள்

இதை ஓவியம் வரையத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும், அச்சடித்த பிறகு செய்து பயனில்லை.

எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று புரிய நம் நாட்டு வழக்கு ஒன்றே போதும். கொல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா சகோதரர்கள் 'ஸ்கிராபுலஸ்' என்ற வார்த்தை விளையாட்டை இணையத்தில் விட்டார்கள், ஃபேஸ்புக்கில் அது பெரிய ஹிட். 'ஸ்கிராபிள்' உரிமை வைத்திருந்த மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008-ல் வந்த இடைக்கால உத்தரவில், போர்டின் அமைப்பும் கட்டங்களின் நிறமும் விளையாட்டின் விதியோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பதால் காப்பிரைட் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயர் விஷயத்தில் மட்டும் பிடித்துவிட்டது, ஸ்கிராபிளை நினைவூட்டும் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று தடை வந்தது. கேம் பிறகு 'லெக்சுலஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது. அவர்களைச் சிக்க வைத்தது விதியோ போர்டோ இல்லை, பெயர்தான்.

அதற்காகத் தோற்றத்தை அப்படியே எடுக்கலாம் என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 'மினோ' என்ற ஐபோன் கேம், டெட்ரிஸின் கட்டைகளையும் 20-க்கு 10 என்ற ஆடுகளத்தையும் பார்வைக்கு அதே போலவே வைத்திருந்தது. விதிக்குக் காப்பிரைட் இல்லை என்றுதான் அவர்களும் வாதாடினார்கள். 2012-ல் நியூஜெர்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, விதியை எடுக்கலாம், காட்சியை எடுக்கக்கூடாது என்று டெட்ரிஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. மோனோபோலி மாதிரி இடம் வாங்கி விற்கும் கேம் செய்யலாம். அதன் மூலைக் கட்டங்கள், சான்ஸ் கார்டு வாசகங்கள், தொப்பி வைத்த தாத்தா, பெயர் எதையும் தொடக்கூடாது.

நம்மூர் பாரம்பரிய விளையாட்டுகள் எல்லோருக்கும் பொது. பல்லாங்குழி, தாயம், ஆடு புலி ஆட்டம், பரமபதம் எதை வேண்டுமானாலும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் கடையில் விற்கும் ஒரு பரமபத போர்டை ஸ்கேன் செய்து நிறம் மாற்றிப் போட்டால் அது அந்த ஓவியரின் உரிமையைத் தொடுவதாகும். விளையாட்டு பழையதாக இருந்தாலும் அந்தப் படம் புதியது.

இலக்கியத்துக்கும் இதே கணக்குதான். எழுத்துக்குக் காப்பிரைட் ஆசிரியர் மறைந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். கல்கி 1954-ல் மறைந்தவர், 2014 இறுதியோடு அவர் எழுத்தின் காப்பிரைட் முடிந்துவிட்டது, எனவே அவருடைய கதாபாத்திரங்களை வைத்து கேம் செய்யலாம். அந்தக் கதைகளுக்கு மற்றவர்கள் வரைந்த ஓவியங்களும், அவற்றிலிருந்து எடுத்த சினிமாவின் உடை, முகம், வசனமும் தனித்தனி உரிமைகள். திருக்குறளைக் கார்டில் போடலாம், இக்கால உரையாசிரியர் ஒருவரின் உரையை அனுமதி இல்லாமல் போடக்கூடாது, உரையை நீங்களே எழுதிவிடுவது நல்லது.

சினிமா நடிகர்களின் முகத்தையோ பஞ்ச் வசனத்தையோ கார்டில் வைக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. வேண்டாம். தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஒரு ஹிந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் தடை கொடுத்தது. 'கார்ட்டூனாகத்தானே வரைந்தேன்' என்பது தப்பிக்கும் வழியில்லை, பார்த்தவுடன் யார் என்று தெரிந்தால் அதுவே சிக்கல்.

அப்புறம் எழுத்துரு. பழைய டிடிபி கடைக் கணினியில் இருக்கும் அழகான தமிழ் ஃபான்ட்களில் பலவற்றுக்கு உரிமம் தேவை, கடைக்காரருக்கே அது தெரியாது. கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவனார், மீரா இனிமை, பவனம், கட்டமரன் போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை, வணிகப் பொருளில் பயன்படுத்தலாம். எந்த ஃபான்ட், எங்கே எடுத்தது என்பதோடு அதன் உரிமக் கோப்பையும் சேமித்து வையுங்கள். படங்களுக்கும் அப்படியே. படைத்தவர்கள் நிபந்தனையோடு இலவசமாகத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'என்சி' என்று இருந்தால் விற்கும் பொருளில் போட முடியாது, 'எஸ்ஏ' என்று இருந்தால் நீங்கள் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிவரும்.

3. ஓவியரோடும் நண்பர்களோடும் எழுத்தில் ஒப்பந்தம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பணம் கொடுத்து வரைய வைத்ததால் ஓவியம் நமக்குச் சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸராக வரைபவர் விஷயம் அப்படி இல்லை. காசு வாங்கி வரைந்த பெயின்டிங், உருவப்படம் போன்ற சிலவற்றுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு, ஆனால் டிஜிட்டலில் வரைந்த ஐகானும் கார்டு ஃபிரேமும் அதில் அடங்குமா என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க முடியாது. எழுத்து மூலமான உரிமை மாற்று ஒப்பந்தம், அதாவது அசைன்மென்ட், இருந்தால் கேள்வியே எழாது. ஜிபே ரசீதும் வாட்ஸப் உரையாடலும் அதற்கு ஈடாகாது.

காப்பிரைட் சட்டத்தின் 19-வது பிரிவில் ஒளிந்திருக்கும் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். மாற்றிக் கொடுத்த உரிமையை ஓர் ஆண்டுக்குள் நீங்கள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது ஓவியரிடமே திரும்பிப் போய்விடும். கேம் வேலை இழுத்துக்கொண்டே போகும் என்பதால் இந்த ஓர் ஆண்டு விஷயம் உண்மையான ஆபத்து.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: எந்தெந்த ஓவியங்கள் (சின்னப் படங்களாக இணைப்பில் சேர்த்துவிடுங்கள்), என்னென்ன உரிமைகள், காப்பிரைட் உள்ள காலம் முழுவதும், உலகம் முழுவதும், போர்டு கேம், மொபைல் கேம், விளம்பரம், டி-ஷர்ட் போன்ற துணைப் பொருட்கள் எல்லாவற்றுக்கும், எவ்வளவு தொகை, ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை திரும்பாது என்ற வரி, வேறொருவர் படத்தைப் பார்த்து வரையவில்லை என்ற உறுதிமொழி, ஏஐ கருவி பயன்படுத்தினாரா என்ற தகவல். லேயர் உள்ள மூலக் கோப்புகளைத் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். முத்திரைத் தாளின் மதிப்பைப் பத்திர எழுத்தரிடம் கேட்டு, அதில் அச்சிட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஓவியருக்கு நியாயமாக நடந்துகொள்ளுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழு உரிமை கேட்டால் முழு உரிமைக்கான தொகை கொடுக்க வேண்டும், அது முடியாவிட்டால் கேமுக்கு மட்டும் என்று உரிமம் வாங்கிக்கொள்ளலாம். படைத்தவர் என்று பெயர் போடச் சொல்லும் உரிமை, எழுதிக் கொடுத்த பிறகும் அவருக்கு உண்டு. பெட்டியில் பெயர் போட்டுவிடுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து செய்கிறீர்களா? யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் பெயரும் விதிப் புத்தகமும் யாரிடம் இருக்கும், புதிய பதிப்பு யார் வெளியிடலாம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சண்டை வரும் வரை இது அவநம்பிக்கை மாதிரி தெரியும். ட்ரேட்மார்க் யாரோ ஒருவர் பெயரில் மட்டும் இருந்து அவர் வெளியேறினால் மொத்தப் பெயரும் அவரோடு போய்விடும்.

4. தேதியோடு எல்லாவற்றையும் சேமியுங்கள்

காப்பிரைட் படைத்த கணமே தானாக வந்துவிடும், ஆனால் எப்போது படைத்தோம் என்று காட்டத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பதிப்பின் பிடிஎஃப்பையும் உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், பென்சில் ஸ்கெட்சுகளைத் தூக்கிப் போடாதீர்கள், விளையாடிப் பார்த்த கூட்டங்களின் தேதி, வந்தவர்கள், எந்தப் பதிப்பு என்று ஒரு நோட்டில் குறியுங்கள். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் காப்பிரைட் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு ஏற்பாடு சட்டத்தில் இல்லை.

5. பெயரைத் தேடி, ட்ரேட்மார்க் போடுங்கள்

முதலில் தேடல். ட்ரேட்மார்க், டிசைன் விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசுத் தளமான ஐபி இந்தியாவில் பொதுத் தேடல் இலவசம். ட்ரேட்மார்க்கில் பொருட்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பு 28 என்பது போர்டு கேம், கார்டு கேம், பொம்மைகளுக்கு. தரவிறக்கும் மொபைல் கேம் என்றால் வகுப்பு 9, ஆன்லைனில் விளையாடும் சேவை என்றால் வகுப்பு 41. மூன்றிலும் தேடுங்கள். எழுத்து வடிவத் தேடலோடு நிறுத்தாமல் ஒலி வடிவத் தேடலும் செய்ய வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். 'விழுது' என்று ஒரு பெயர் வைத்தால் ழ-வுக்கு ஒரு விதம், து-வுக்கு ஒரு விதம் என்று நாலைந்து எழுத்துக்கூட்டல் வரும், அத்தனையையும் போட்டுப் பாருங்கள். பிறகு ஆப் ஸ்டோர், அமேசான், போர்டு கேம்களைப் பட்டியலிடும் போர்டு கேம்கீக் தளம் என்று பாருங்கள். பதிவு செய்யாமலே நீண்ட நாளாக ஒரு பெயரில் விற்பவருக்கும் உரிமை உண்டு.

'ஆடு புலி கேம்', 'தமிழ் வார்த்தை விளையாட்டு' போன்ற பெயர்கள் பொருளை அப்படியே விவரிப்பவை, பதிவு கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் மற்றவரைத் தடுக்க முடியாது. பொருளோடு நேரடித் தொடர்பில்லாத பெயரோ, புதிதாகக் கோத்த சொல்லோ எடுங்கள். பெயரைக் காப்பிரைட்டில் பாதுகாக்கலாம் என்று நினைக்காதீர்கள், வெறும் தலைப்புக்குக் காப்பிரைட் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருக்கிறது.

விண்ணப்பம் டிஎம்-ஏ படிவம். தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. சிறு நிறுவனம் என்று சொன்னால் உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழும், ஸ்டார்ட்அப் என்றால் அரசு அங்கீகாரச் சான்றும் இணைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை கிண்டி அலுவலகம். தேவைப்படுபவை: அடையாள, முகவரிச் சான்று, லோகோ படம், பொருள் விவரம், டிஜிட்டல் கையெழுத்து, வக்கீல் மூலம் போட்டால் அவருக்கான அதிகாரப் பத்திரம். பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பும் பொருளும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே விற்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் எந்தத் தேதியிலிருந்து என்று பிரமாணப் பத்திரமும், பில், விளம்பரம் போன்ற ஆதாரமும் வேண்டும். இன்னும் தொடங்கவில்லை என்றால் 'இனிப் பயன்படுத்த இருப்பது' என்று போட்டால் போதும், அது எளிது, அதனால்தான் அச்சுக்கு முன்பே போடச் சொல்கிறேன்.

பணம் குறைவாக இருந்தால் லோகோவை விட வெறும் சொல்லுக்கு முதலில் போடுங்கள். லோகோவை அடுத்த பதிப்பில் மாற்றினாலும் சொல் நிற்கும்.

பிறகு காத்திருப்பு. பரிசோதனை அறிக்கை, அதாவது அலுவலகத்தின் ஆட்சேபங்கள், வந்தால் கையில் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். பலர் விழும் இடம் இது. ஏஜென்ட் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார், அறிக்கை அவருக்குப் போகும், அவர் பார்த்திருக்க மாட்டார், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். விண்ணப்ப எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே அவ்வப்போது நிலையைப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் ட்ரேட்மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள், அதிலிருந்து 4 மாதம் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பில்லை என்றால் சான்றிதழ், 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்தவுடன் 'டிஎம்' குறி போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது சான்றிதழ் வந்த பிறகுதான், முன்பே போட்டால் சட்டப்படி தவறு.

இன்னொரு பொறி: விண்ணப்பத்தில் உள்ள உங்கள் முகவரி எல்லோர் கண்ணிலும் படும். "உங்கள் மார்க்கைச் சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்க இவ்வளவு கட்டுங்கள்" என்று அரசுக் கடிதம் போலவே தோற்றமளிக்கும் கடிதங்கள் வரும். ஐபி இந்தியா தளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணுக்குக் கீழே இல்லாத எந்தக் கட்டணத்தையும் கட்டாதீர்கள்.

6. காய்களின் வடிவம் புதிது என்றால் டிசைன் பதிவு

எல்லோருக்கும் இது தேவையில்லை. சாதாரண மரக் காய் பயன்படுத்தினால் தாண்டிப் போங்கள். நீங்களே உருவம் வடித்த காய்கள் இருந்தால் நின்று படியுங்கள், ஏனென்றால் காப்பிரைட் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, டிசைனாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் 50 பிரதிகளுக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்தால் அந்த வடிவத்தின் காப்பிரைட்டே போய்விடும். ஒரு காயின் வடிவத்துக்கு 50 பிரதி என்பது ஒரு அச்சுத் தொகுப்பின் முதல் நாளிலேயே தாண்டிவிடும்.

தனி நபருக்குக் கட்டணம் ரூ.1,000. டிசைனுக்கு வகுப்பு எண்கள் வேறு, இதற்கு 21-01. எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்த தெளிவான படங்கள், எது புதுமை என்று ஒரு வாக்கியம். பாதுகாப்பு 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆட்சேபம் வந்தால் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடம் காலம். வெளியே காட்டிவிட்ட டிசைனைப் பதிவு செய்ய முடியாது. இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டாலும் வெளியே காட்டியதுதான். விண்ணப்பம் போடும் வரை விளையாடிப் பார்க்கும் கூட்டங்களில் பொத்தானோ சோழியோ வைத்து ஆடுங்கள்.

7. காப்பிரைட் பதிவு

கட்டாயம் இல்லை. ஆனால் தகராறு வந்தால் பதிவேட்டில் இருப்பதே முதல்நிலைச் சான்றாகும், விற்பனைத் தளங்களில் புகார் கொடுக்கும்போதும் வேகமாக நடக்கும். படிவம் 14, ஆன்லைனிலேயே போடலாம். விதிப் புத்தகம், கார்டு வாசகங்கள் எழுத்துப் படைப்பு, கட்டணம் ரூ.500. ஓவியத்துக்கும் ரூ.500, ஆனால் விற்கும் பொருளின் மீது பயன்படும் ஓவியம் என்றால் ரூ.2,000. அதோடு அதே போன்ற ட்ரேட்மார்க் இல்லை என்று ட்ரேட்மார்க் அலுவலகச் சான்றும் வேண்டும், அதற்கு டிஎம்-சி படிவம், ஆன்லைனில் ரூ.9,000. சின்ன பட்ஜெட்டில் பெட்டி அட்டைக்கு இதைச் செய்வதை நான் தள்ளிப்போடச் சொல்வேன். விதிப் புத்தகத்தைப் பதிவு செய்யுங்கள், பெயருக்கு ட்ரேட்மார்க் வையுங்கள், ஓவியத்துக்கு அசைன்மென்ட் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த அச்சில் பார்த்துக்கொள்ளலாம்.

மொபைல் கேம் என்றால் கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கொடுக்க வேண்டும், மொத்தமே 20 பக்கத்துக்குள் என்றால் முழுவதும். அந்தப் பக்கங்களில் எதையாவது மறைத்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்.

விண்ணப்பித்ததும் டைரி எண் வரும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள், அதற்குப் பிறகுதான் பரிசோதனை. எனக்கு வந்த குறைபாட்டுக் கடிதம், விண்ணப்பதாரரும் ஓவியரும் வேறு வேறு ஆள் என்பதால் ஓவியரின் தடையில்லாச் சான்று எங்கே என்று கேட்டது. ஓவியர் அப்போது வேறு நாட்டில் வேலைக்குப் போயிருந்தார், கையெழுத்து வாங்கி வருவதற்குள் கடிதத்தில் போட்டிருந்த கெடு நெருங்கிவிட்டது. ஒப்பந்தம் போடும் அன்றே தடையில்லாச் சான்றிலும் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தப் பதற்றம் இல்லை. வெளியிட்டவர் வேறு ஆள் என்றால் அவரிடமும் ஒன்று வேண்டும்.

8. அச்சகத்திடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

கோப்பு கைமாறும் இடம் இது என்பதால் ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் அவசியம். எத்தனை பிரதி அடிப்பது, கூடுதலாக அடித்த பிரதிகளை என்ன செய்வது, கழிவுத் தாள்களை வெளியே விடாமல் அழிப்பது, பிளேட்டும் டை கட்டிங் அச்சும் யாருக்குச் சொந்தம், கோப்பை வேறு யாருக்கும் தரக்கூடாது, வேலையை வேறு அச்சகத்துக்குக் கைமாற்றினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சிவகாசியில் நல்ல அச்சகங்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பதில்லை. சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

பதிப்பகத்துக்குக் கேமைக் காட்டப் போகிறீர்கள் என்றால் ரகசிய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கையெழுத்துப் போட மாட்டார்கள், அவர்களிடம் ஒரே மாதிரி கேம்கள் பல வரும். வற்புறுத்தாமல் ஒரு பக்கச் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், சந்தித்த பிறகு என்ன காட்டினீர்கள் என்று ஒரு நன்றி மின்னஞ்சலும் அனுப்புங்கள். அதுவே போதுமான தடயம்.

9. மொத்தச் செலவும் வரிசையும்

தனி நபர், ஒரு போர்டு கேம், நீங்களே விண்ணப்பிக்கிறீர்கள் என்றால்: ட்ரேட்மார்க் ஒரு வகுப்பு ரூ.4,500, விதிப் புத்தகக் காப்பிரைட் ரூ.500, ஒரு காய் டிசைன் ரூ.1,000. ஆக ரூ.6,000, அதற்கு மேல் முத்திரைத் தாளும் டிஜிட்டல் கையெழுத்தும். பெட்டி அட்டையையும் சேர்த்தால் இன்னொரு ரூ.11,000. வக்கீல் கட்டணம் தனி. குறைந்த தொகை சொல்லும் விளம்பரங்களில் அரசுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, ஆட்சேபத்துக்குப் பதில் போடுவது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால், விண்ணப்பம் போட்டுத் தரும் உதவியாளரின் கட்டணத்தை அரசே தரும் திட்டம் இப்போது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வரிசை: பெயர் தேடல், ஓவியர் ஒப்பந்தம், ட்ரேட்மார்க் விண்ணப்பம், டிசைன் விண்ணப்பம், அதற்குப் பிறகுதான் சமூக ஊடகத்தில் படம். காப்பிரைட் விண்ணப்பத்தை இறுதிப் பிரதி தயாரானதும் போடலாம். எந்தச் சான்றிதழுக்காகவும் அச்சை நிறுத்தி வைக்க வேண்டாம், விண்ணப்ப எண் கிடைத்தால் வேலையைத் தொடருங்கள், சான்றிதழ்கள் வரப் பல மாதங்கள் ஆகும்.

10. யாராவது காப்பியடித்தால், உங்களுக்கே நோட்டீஸ் வந்தால்

காப்பியடித்த கேமைப் பில்லோடு ஒரு பிரதி வாங்குங்கள். விற்பனைப் பக்கத்தைத் தேதியோடு படமெடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது எது ஒன்று என்று எழுதி, ஓவியம், வாசகம், பெயர் ஆகியவற்றை ஒரு பக்கமும், விதியை மட்டும் மறுபக்கமும் பிரியுங்கள். முதல் பக்கம் காலி என்றால் வழக்குக்குச் செலவு செய்யாதீர்கள். என் கேம் மாதிரியே ஆடும் ஒன்று கடைக்கு வந்தபோது எனக்கும் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருந்தது. கோபம் தீர நாளானது, ஆனால் அந்தப் பணத்தை இரண்டாம் அச்சில் போட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

முதல் பக்கத்தில் ஏதாவது இருந்தால் விற்பனைத் தளத்தின் புகார்ப் படிவத்தில் தொடங்குங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ், பிறகு நீதிமன்றம். ட்ரேட்மார்க், காப்பிரைட் இரண்டிலும் நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது, எதிராளி டெல்லியில் இருக்கிறார் என்று பயப்பட வேண்டாம். முகநூலில் 'திருடன்' என்று எழுதுவதைத் தவிருங்கள். அவதூறு வழக்கு வரலாம், ஆதாரமில்லாமல் மிரட்டினால் அதற்கே காப்பிரைட் சட்டத்தின் 60-வது பிரிவில் அவர்கள் உங்கள் மீது வழக்குப் போடலாம்.

அதே 60-வது பிரிவு உங்களுக்கும் உதவும். பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து நோட்டீஸ் வந்தால் உடனே கேமை இழுத்து மூடாதீர்கள், அதே சமயம் குப்பையிலும் போடாதீர்கள். கிடைத்த தேதியைக் குறித்துவிட்டு, அவர்கள் சொல்லும் பதிவு எண் உண்மையா, எந்த வகுப்பு, இன்னும் செல்லுபடியாகிறதா என்று ஐபி இந்தியா தளத்தில் பாருங்கள். புகார் பெயரைப் பற்றியா, ஓவியத்தைப் பற்றியா, வெறும் விதியைப் பற்றியா என்று பிரியுங்கள். பெயர் என்றால் பேசித் தீர்த்து, கையில் இருக்கும் பிரதிகளை விற்று முடிக்க அவகாசம் கேட்கலாம். விதி மட்டும் என்றால் ஒரு நல்ல வக்கீலின் ஒரு பக்கப் பதில் பெரும்பாலும் போதும். அவரிடம் போகும்போது 3-ல் சொன்ன ஒப்பந்தமும் 4-ல் சொன்ன தேதியிட்ட கோப்புகளும் ஒரே உறையில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் விற்கும் எண்ணம் இருந்தால் இன்னும் ஒன்று. காப்பிரைட் பெரும்பாலான நாடுகளில் தானாகவே செல்லும். ட்ரேட்மார்க்கும் டிசைனும் நாட்டுக்கு நாடு தனி. இந்தியாவில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால் இந்தியத் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம், எனவே இங்கே விண்ணப்பித்த அன்றே அந்த ஆறாவது மாதத்தை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.